டின், சாஷே, குட்டி பாட்டில்: மருந்துக்கடைக்காரி எழுதும் புரோபயாடிக் விமர்சனம்

கும்பகோணத்தில் ஒரு மருந்துக்கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவள் நான். டி.ஃபார்ம் படித்திருக்கிறேன். கடை என்னுடையது இல்லை, மாதச் சம்பளம்தான். எந்தக் கம்பெனிக்கும் வால் பிடிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெப் கொண்டுவரும் டைரியும் பேனாவும் முதலாளியின் மேஜையோடு நின்றுவிடும்.

கேஸ் மாத்திரைக்கு அடுத்தபடியாக இப்போது அதிகம் கேட்கப்படுவது நல்ல பாக்டீரியா, அதாவது புரோபயாடிக்தான். "அக்கா, குடலுக்கு நல்ல பாக்டீரியா மாத்திரை இருக்கா?" என்று கேட்டபடியே மொபைலை நீட்டுவார்கள். வீடியோவில் ஒரு குடல் இருக்கும், அதன் சுவரில் ஓட்டைகள் இருக்கும், ஏதோ ஒரு பொடியைக் கலக்கிக் குடித்ததும் ஓட்டைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். பின்னால் ஒரு குரல் 'லீக்கி கட்', அதாவது ஒழுகும் குடல் என்று பயமுறுத்திக்கொண்டே இருக்கும். அந்தப் பொடி எங்கள் கடையில் கிடையாது, ஆன்லைனில் மட்டும்தான். ஆனால் எங்கள் கடையிலும் அலமாரியில் ஒரு தட்டு, ஃபிரிட்ஜில் ஒரு தட்டு என்று பாக்டீரியா சரக்கு நிறைந்துதான் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் டின். என் நாத்தனார் வாங்கியது. பிராண்ட் பெயர் சொல்லவில்லை. இதே டின் வேறு வேறு லேபிளில் வந்துகொண்டிருக்கும்போது ஒன்றை மட்டும் திட்டி என்ன ஆகப்போகிறது? விலை 2,490 ரூபாய், 30 ஸ்கூப். நாளுக்கு 83 ரூபாய். எங்கள் வீட்டில் ஒரு நாள் காய்கறிச் செலவே அவ்வளவு வராது.

மூடியைத் திறந்ததும் பச்சை ஆப்பிள் மிட்டாய் வாசனை. ஸ்கூப் பொடிக்குள் எங்கேயோ புதைந்து கிடந்தது. ஈரக்கையை விடாதீர்கள் என்று நான் சொல்வதற்குள் அவர் கையை விட்டுத் துழாவி எடுத்துவிட்டார். தண்ணீரில் போட்டுக் கலக்கினால் மேலே நுரை, அடியில் கட்டி. ருசியைக் குறை சொல்ல மாட்டேன், குடிக்கலாம். சுக்ரலோஸ் இனிப்பு மட்டும் அடிநாக்கில் ரொம்ப நேரம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

முன்பக்கம் கொட்டை எழுத்தில் "குடல் சுவரைச் சீரமைக்கும், 10 பில்லியன் நல்ல பாக்டீரியா". பின்பக்கம் எழுத்து பொடிசு. எக்ஸ்பைரி தேதி பார்க்கக் கடையில் ஒரு லென்ஸ் வைத்திருப்போம், அதை எடுத்துவந்து படித்தேன். 10 பில்லியன் என்றால் 1,000 கோடி. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. நட்சத்திரத்தைத் தேடிப் போனால் கீழே "தயாரிக்கும் நேரத்தில்" என்று இருக்கிறது. அதாவது ஃபேக்டரியில் டின்னை அடைக்கும்போது இருந்த கணக்கு. நாம் குடிக்கிற அன்று எத்தனை உயிரோடு இருக்கும் என்று டின் வாய் திறக்கவில்லை. அதற்கும் கீழே "25 டிகிரிக்குள் வைக்கவும்". நாத்தனார் ஆர்டர் போட்டது மே மாதம். கூரியர் வேனில் எங்கே 25 டிகிரி? நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி புரோபயாடிக் என்று சொல்லி விற்கிற உணவில் ஒரு நாள் அளவுக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும். அந்தக் கோட்டை இது தாண்டியிருக்கலாம், யார் எண்ணிப் பார்த்தார்கள்?

அதைவிடப் பெரிய குறை ஒன்று. பாக்டீரியா பெயர் என்ற இடத்தில் "லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ்" என்று மட்டும் போட்டு நிறுத்திவிட்டார்கள். இனத்தின் பெயர் போதாது, அதில் எந்த ஸ்ட்ரெய்ன், அதாவது எந்த உட்பிரிவு என்பது வேண்டும். ராம்னோசஸில் உலகம் முழுக்க அதிகம் ஆராயப்பட்டது 'ஜி.ஜி.' என்ற ஸ்ட்ரெய்ன். 1980களில் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெர்வுட் கோர்பாக், பாரி கோல்டின் என்ற இருவர் ஆரோக்கியமான ஒரு மனிதரின் குடலிலிருந்து பிரித்தெடுத்தது, அவர்கள் பெயரின் முதலெழுத்துதான் அந்த ஜி.ஜி. ஆய்வில் ஜெயித்தது ஜி.ஜி. என்றால் அந்தப் புகழ் ஜி.ஜி.க்கு மட்டும்தான் சேரும். அதே இனத்தில் பெயர் தெரியாத இன்னொன்றை டின்னில் அடைத்துவிட்டு அந்த ஆய்வை வெப்சைட்டில் போட்டுக்கொள்வது, சாரி, எனக்கு ஒப்பவில்லை.

அப்புறம் எல்-குளூட்டமின் என்ற அமினோ அமிலம். 'குடல் சுவர்' என்று சொல்லி விற்கும் எல்லா டின்னிலும் இது இருக்கும். சும்மா கதை இல்லை, சிறுகுடல் செல்களுக்குக் குளூட்டமின் நிஜமாகவே எரிபொருள். 2019-இல் 'கட்' என்ற மருத்துவ இதழில் ஒரு நல்ல ஆய்வு வந்தது. கிருமித்தொற்றுக்குப் பிறகு வயிற்றுப்போக்கு நிற்காமல் ஐ.பி.எஸ். என்ற நாள்பட்ட குடல் கோளாறு ஆகிவிட்டவர்கள், அதிலும் குடலின் ஊடுருவு தன்மை (சுவர் கசியவிடும் அளவு) கூடியிருக்கிறது என்று பரிசோதனையில் தெரிந்தவர்கள், மொத்தம் 106 பேர். குளூட்டமின் எடுத்தவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்கு நல்ல பலன், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வேறு பொடி கொடுக்கப்பட்டவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான். அவர்களுக்குக் கொடுத்த அளவு 5 கிராம் வீதம் தினம் மூன்று வேளை, 8 வாரம். ஆக நாளுக்கு 15 கிராம். நாத்தனாரின் டின்னில் ஒரு ஸ்கூப்புக்கு 1 கிராம். போதாக்குறைக்கு அவருக்கு இருப்பது வயிற்றுப்போக்கும் இல்லை, மலச்சிக்கலும் உப்புசமும். டின்னில் சேர்த்திருக்கும் இன்யூலின் நார்ச்சத்து முதல் வாரமே அந்த உப்புசத்தை இரண்டு மடங்காக்கிவிட்டது. பழக்கமில்லாத வயிற்றுக்கு இன்யூலின் அப்படித்தான் செய்யும். "சுத்தம் ஆகுதுன்னு அர்த்தம்" என்று கஸ்டமர் கேரில் சொன்னார்களாம்.

சரி, அந்தச் சுவர்தான் என்ன? குடலின் உள்பக்கத்தை மூடியிருக்கும் அந்தப் படலம் ஒரே ஒரு செல் தடிமன்தான். அவ்வளவு மெல்லிசான ஒன்றுதான் நாம் தின்பதையும் ரத்தத்தையும் பிரித்து வைத்திருக்கிறது. அந்தச் செல்கள் 3 முதல் 5 நாளுக்குள் உதிர்ந்து புதிதாக முளைத்துவிடும். டின் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் சீரமைப்பு வேலை உள்ளே நடந்துகொண்டேதான் இருக்கிறது. பழைய பாடப் புத்தகங்களில் குடல் பரப்பு ஒரு டென்னிஸ் மைதானம் அளவு என்று இருக்கும். 2014-இல் ஸ்வீடன்காரர்கள் திரும்ப அளந்து பார்த்து, ஜீரணப் பாதை மொத்தமும் சேர்த்தே சுமார் 32 சதுர மீட்டர்தான் என்றார்கள். நம் கணக்கில் சுமார் 344 சதுர அடி, எங்கள் கடையைவிடக் கொஞ்சம் பெரிசு. இந்தப் பரப்பின் மேல் கோப்ளெட் செல்கள் சுரக்கும் வழுவழுப்பான சளிப்படலம் படிந்திருக்கும். பெருங்குடலில் அது இரண்டு அடுக்கு. பாக்டீரியா எல்லாம் வெளி அடுக்கோடு சரி, செல்லை ஒட்டிய உள் அடுக்குக்குள் ஏறக்குறைய எதுவும் நுழைவதில்லை. இதையும் 2008-இல் காட்டியது ஸ்வீடனின் கோத்தன்பர்க் ஆட்கள்தான். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே கிளாடின், ஆக்லூடின் என்று சில புரதங்கள் இறுக்கிப் பிடித்திருக்கும். அந்தப் பிடி கொஞ்சம் தளர்வதும் இறுகுவதும் சாப்பாட்டைப் பொறுத்து அன்றாடம் நடப்பது.

ஆக, குடலின் ஊடுருவு தன்மை என்பது நிஜமான விஷயம். கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயில், குடல் அழற்சியான கிரோன் நோயில், கடுமையான தொற்றுக்குப் பிறகு அது கூடும். டாக்டர்கள் அதை அளப்பதற்கு லாக்டுலோஸ், மேனிட்டால் என்ற இரண்டு சர்க்கரைகளைக் குடிக்கக் கொடுத்துச் சிறுநீரில் எது எவ்வளவு வருகிறது என்று பார்க்கும் முறை இருக்கிறது. ஆனால் முடி கொட்டுவது, அசதி, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் காரணம் இந்த ஓட்டைதான் என்று வீடியோ சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. டின்னுக்குள் ஒரு கூப்பனும் இருந்தது, 'சோனுலின்' டெஸ்டுக்குத் தள்ளுபடி. சோனுலின் என்பது அந்தச் செல் பிடியைத் தளர்த்தும் புரதம். சந்தையில் இருக்கும் டெஸ்ட் கிட்டுகள் உண்மையில் அளப்பது சோனுலினையே இல்லை, வேறு புரதங்களை என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதிவிட்டார்கள். கூப்பனைக் கிழித்துப் போட்டேன்.

நாத்தனாரிடம் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான். "முட்டிக்கு என்ன மாத்திரை போடுறீங்க அண்ணி?"

டைக்ளோஃபினாக். அவர் ஊர்க் கடையில் சீட்டே இல்லாமல் அட்டை அட்டையாக வாங்கியிருக்கிறார். "அதுக்குத்தான் கூடவே கேஸ் மாத்திரையும் போடுறேனே, வயித்தை ஒண்ணும் பண்ணாது" என்றார். இந்த நம்பிக்கை தமிழ்நாட்டில் முக்கால்வாசிப் பேருக்கு இருக்கிறது. கேஸ் மாத்திரை இரைப்பையைக் காக்கும், சிறுகுடலைக் காக்காது. 2005-இல் லண்டனில் 40 ஆரோக்கியமான ஆட்களுக்கு இரண்டு வாரம் டைக்ளோஃபினாக்கும் கூடவே ஓமெப்ரசோல் என்ற கேஸ் மாத்திரையும் கொடுத்து, அப்புறம் கேமரா வைத்த கேப்சூலை விழுங்கவைத்துப் பார்த்தார்கள். 68 சதவீதம் பேரின் சிறுகுடலில் புதிதாகக் காயம் தெரிந்தது. சளிப்படலத்தையும் அதற்கு வரும் ரத்த ஓட்டத்தையும் காப்பாற்றும் புராஸ்டாகிளாண்டின்களை இந்த வகை வலி மாத்திரைகள் குறைத்துவிடும். அதோடு டைக்ளோஃபினாக் பித்தத்தோடு சேர்ந்து மறுபடி குடலுக்கே வந்து இறங்கும். ஒரு பக்கம் தினம் இது நடந்துகொண்டிருக்கும்போது, இன்னொரு பக்கம் 83 ரூபாய்க்குப் பச்சை ஆப்பிள் தண்ணீர் குடித்து என்ன பிரயோஜனம்? எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனோம். மாத்திரையை மாற்றி, பிசியோதெரபிக்கு அனுப்பினார். நெஞ்செரிச்சலும் வயிற்று வலியும் தணிந்தது அதற்கப்புறம்தான். (இதய நோய்க்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரின் வேறு கணக்கு. அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.)

டின்னுக்கு 5க்கு 1. அந்த ஒன்றும் மூடி நன்றாக இறுகுகிறது என்பதற்காக.

இனி எங்கள் கடைச் சரக்கு. புரோபயாடிக் மொத்தமும் டூப்பு என்று சொல்கிற கட்சி நான் இல்லை. கொடுத்த காசுக்கு வேலை செய்யும் இடம் ஒன்று தெளிவாக இருக்கிறது: ஆன்டிபயாடிக் கோர்ஸ். ஆன்டிபயாடிக் சாப்பிடும் குழந்தைகளுக்கு வயிறு கெடுவதைப் பற்றி 33 ஆய்வுகளை, 6,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த அறிக்கை ஒன்றை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்டது. புரோபயாடிக் சேர்த்துக் கொடுத்தவர்களில் 8 சதவீதம் பேருக்கு வயிற்றுப்போக்கு, கொடுக்காதவர்களில் 19 சதவீதம். நாளுக்கு 500 கோடிக்குக் குறையாமல் கொடுத்தபோதுதான் பலன் நன்றாகத் தெரிந்தது. அதிகம் பேசப்பட்ட பெயர்கள் இரண்டு, மேலே சொன்ன ராம்னோசஸ் ஜி.ஜி., இன்னொன்று சாக்கரோமைசஸ் பவுலார்டி.

இந்த பவுலார்டிதான் எங்கள் கடையில் எனக்குப் பிடித்த சரக்கு. பாக்டீரியா இல்லை, ஈஸ்ட். எக்கோநார்ம் என்ற பெயரில் 250 மில்லிகிராம் சாஷேயாக வருவது பலருக்குத் தெரிந்திருக்கும், வேறு கம்பெனிகளும் போடுகிறார்கள். 1920களில் பிரெஞ்சுக்காரர் ஆன்றி பூலார் இந்தோசீனாவில் இருந்தபோது காலரா பரவியது. உள்ளூர் ஜனங்கள் லிச்சிப் பழத் தோலையும் மங்குஸ்தான் தோலையும் வைத்து வைத்தியம் செய்துகொள்வதைப் பார்த்து, அந்தத் தோலிலிருந்து இவர் பிரித்தெடுத்த ஈஸ்ட் இது. ஈஸ்ட் என்பதால் எந்த ஆன்டிபயாடிக்கும் இதைக் கொல்லாது, கூடவே கொடுக்கலாம். ஆனால் படர்தாமரைக்கோ வெள்ளைப்படுதலுக்கோ ஃபுளூகோனசோல் சாப்பிடுகிறவர்களுக்குக் கொடுத்தால் வீண், பூஞ்சை மருந்து இதையும் சேர்த்துக் கொன்றுவிடும். ஒரே சீட்டில் இரண்டும் எழுதியிருந்தால் நான் டாக்டருக்குப் போன் போட்டுவிடுவேன். கொதிக்கிற பாலில் கொட்டிவிட்டு வந்து "வேலை செய்யலையே" என்பவர்களும் உண்டு. வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது.

குட்டி பாட்டில் என்றால் எண்டரோஜெர்மினா வகை. 5 மில்லி, உள்ளே பேசில்லஸ் கிளாஸி என்ற பாக்டீரியாவின் 200 கோடி ஸ்போர்கள், நாலு ஸ்ட்ரெய்ன். இத்தாலியில் 1958-லிருந்தே விற்கிறது. ஸ்போர் என்பது தூங்கிக்கொண்டிருக்கும் நிலை. அதனால் ஃபிரிட்ஜ் வேண்டாம், இரைப்பை அமிலத்தையும் தாண்டிப் போய்விடும். ருசி, வாசனை ஒன்றும் இல்லை, கலங்கின தண்ணீர் மாதிரி இருக்கும், குழந்தைகள் துப்பாமல் குடித்துவிடும். இதில் ஒரே ஒரு தொந்தரவு அந்த பிளாஸ்டிக் பாட்டிலின் உருவம். பார்த்தால் அசல் ஊசி மருந்து ஆம்ப்யூல். "இதை எந்த நர்ஸ் கிட்ட போட்டுக்கணும்?" என்று கேட்பவர்கள் இன்னமும் வருகிறார்கள். அதனால் கொடுக்கும்போதே தலையைத் திருகிக் காட்டி, "வாயில ஊத்தணும், ஊசி இல்லை" என்று சொல்லித்தான் கொடுப்பேன். குலுக்கிவிட்டுத் திறக்க வேண்டும், ஸ்போர் அடியில் தங்கியிருக்கும்.

ஆனால் ஆன்டிபயாடிக் சம்பந்தமே இல்லாமல், சும்மா வாந்தி பேதி என்று வரும் குழந்தைக்கு முதலில் இதைக் கேட்கிறார்களே, அங்கேதான் எனக்குச் சண்டை. 2018-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வயிற்றுப்போக்கோடு வந்த குழந்தைகளிடம் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன, இரண்டிலும் புரோபயாடிக் கொடுத்ததும் கொடுக்காததும் ஒன்றுதான். 2020-இல் காக்ரேனும் அதே முடிவுக்குத்தான் வந்தது. அதனால் எங்கள் கவுண்டரில் முதலில் வெளியே வருவது ஓ.ஆர்.எஸ். பாக்கெட், 21.8 கிராம், சரியாக ஒரு லிட்டர் தண்ணீருக்கு. ஒரு டம்ளரில் கொஞ்சம் கொட்டிவிட்டு மீதியை மடித்து வைப்பது கூடாது. அடுத்து ஜிங்க், 6 மாதம் தாண்டிய குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், பேதி நின்றாலும் 14 நாள் வரை. இதெல்லாம் வாங்கியபின் கையில் காசு இருந்தால் குட்டி பாட்டில் வாங்கிக்கொள்ளட்டும். டெட்ரா பேக்கில் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு விற்ற சர்க்கரை ஜூஸ்களுக்கு அந்தப் பெயரே போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. எத்தனை அம்மாக்களிடம் அந்த டப்பாவை வாங்கி வைத்துவிட்டுப் பாக்கெட்டைக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

'எல்.பி.' அட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆன்டிபயாடிக் பெயருக்குப் பின்னால் எல்.பி. என்று இருந்தால் அதே மாத்திரையில் கொஞ்சம் லாக்டிக் ஆசிட் பேசில்லஸையும் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பல அட்டைகளில் 6 கோடி ஸ்போர் என்று போட்டிருக்கும். 500 கோடி எங்கே, 6 கோடி எங்கே? அதை நம்பி வேறு ஒன்றும் வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். கேட்டால் வெறும் ஆன்டிபயாடிக்கையும் தனியாக ஒரு நல்ல புரோபயாடிக்கையும் டாக்டரே எழுதித் தருவார். பாக்டீரியா கேப்சூல் என்றால் ஆன்டிபயாடிக்குக்கும் அதற்கும் 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

கோர்ஸ் முடிந்தபின் மாதக்கணக்கில் தொடர்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2018-இல் செய்த ஒரு சின்ன ஆய்வில், ஆன்டிபயாடிக் முடித்தவர்களுக்கு 11 ஸ்ட்ரெய்ன் கலந்த புரோபயாடிக் கொடுத்தபோது, அவர்களுடைய சொந்தக் குடல் பாக்டீரியா பழைய நிலைக்குத் திரும்புவது தாமதமானது. ஒன்றுமே கொடுக்காமல் விட்டவர்கள் அவர்களைவிட வேகமாகத் தேறினார்கள். ஆய்வு சின்னதுதான். இருந்தாலும் "தினமும் போடலாமா அக்கா?" என்று கேட்டால் நான் அட்டையை எடுத்துக் கொடுக்காமல் இருப்பதற்கு அது போதும்.

யாகுல்ட்டைப் பற்றிச் சுருக்கமாக. மினோரு ஷிரோட்டா என்ற ஜப்பானியர் 1930-இல் வளர்த்தெடுத்த ஸ்ட்ரெய்ன், 1935-லிருந்து விற்பனை, இந்தியாவில் 2008-லிருந்து. 65 மில்லியில் 650 கோடி. ஸ்ட்ரெய்ன் பெயரையும் எண்ணிக்கையையும் மறைக்காமல் போடுகிறார்கள், அதற்கு ஒரு சபாஷ். இனிப்பு தூக்கலாக இருக்கும், சர்க்கரை நோயாளிகள் லேபிளைப் பார்த்து வாங்குங்கள். கண்டிப்பாக ஃபிரிட்ஜில் இருக்க வேண்டிய பொருள், வெளியே அடுக்கி வைத்திருக்கும் கடையில் எடுக்காதீர்கள்.

வீட்டுத் தயிர்? அதில் எந்த ஸ்ட்ரெய்ன் எவ்வளவு என்று யாரும் சொல்ல முடியாது, மருந்தாக எண்ணிக் குடிக்க வேண்டாம். புரோபயாடிக் கம்பெனிகள் கொண்டுபோன கோரிக்கைகளையெல்லாம் தள்ளுபடி செய்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றே ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டது: பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு உயிருள்ள யோகர்ட் பாக்டீரியா பால் சர்க்கரையைச் செரிக்க உதவும் என்பதை. பால் குடித்தால் வயிறு கடமுடா என்கிறவர் மோர் குடித்துவிட்டு நிம்மதியாக இருப்பது அதனால்தான்.

டின்காரர்கள் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. பெருங்குடல் செல்களின் எரிபொருளில் 70 சதவீதம் அளவுக்கு பியூட்டிரேட் என்ற ஒரு கொழுப்பு அமிலத்திலிருந்து வருகிறது. அதை நாம் சாப்பிடுவதில்லை. நம்மால் செரிக்க முடியாமல் பெருங்குடல் வரை போகும் மாவுச்சத்தையும் நாரையும், ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் பாக்டீரியா நொதிக்கவைத்து அதைத் தயாரிக்கிறது. இதை வைத்து உலகமே திரும்பிப் பார்த்த வேலை ஒன்று நம்ம வேலூரில் நடந்திருக்கிறது. சி.எம்.சி.யில் பி.எஸ். ராமகிருஷ்ணா குழு காலரா நோயாளிகள் 48 பேரை வைத்து, வழக்கமான ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் செரிக்காத வகைச் சோள மாவைக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். மாவு பெருங்குடலுக்குப் போய், அங்கே பாக்டீரியா அதைக் கொழுப்பு அமிலமாக்கி, அது உப்பையும் தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொள்ள, பேதி சீக்கிரம் நின்றது. 2000-ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. ஒரு புது பாக்டீரியாவைக்கூட உள்ளே அனுப்பவில்லை, இருப்பதற்குச் சோறு போட்டார்கள், அவ்வளவுதான்.

பங்களாதேஷில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வாரக்கணக்கில் பேதி நிற்காத 5 முதல் 12 மாதக் குழந்தைகளுக்கு, அரிசிக் கஞ்சியில் வேகவைத்த வாழைக்காயைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பேதி குறைந்ததோடு, அந்த லாக்டுலோஸ் மேனிட்டால் டெஸ்டில் சிறுகுடலின் ஊடுருவு தன்மையும் குறைந்திருந்தது. வீடியோவில் மூடிக்கொள்ளும் ஓட்டையை நிஜமாகவே அளந்து, மூடியது என்று காட்டிய பொருள் வாழைக்காய்! கும்பகோணம் மார்க்கெட்டில் அதன் விலை உங்களுக்கே தெரியும். நான் இதைச் சொன்னால் "மாத்திரையா இருந்தா குடுங்களேன்" என்கிறார்கள். வாழைக்காயை நன்றாக வேகவைத்துப் பொடிமாஸ் செய்யுங்கள், ஆறவைத்துச் சாப்பிட்டால் செரிக்காத மாவு இன்னும் கொஞ்சம் கூடும். பஜ்ஜி கணக்கில் சேராது.

யாருக்கு விற்க மாட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். கீமோ ஓடிக்கொண்டிருப்பவர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்தவர், கழுத்திலோ நெஞ்சிலோ பெரிய ரத்தக்குழாய்க்குள் சென்ட்ரல் லைன் குழாய் போட்டிருப்பவர், இவர்களுக்கு டாக்டர் சீட்டு இல்லாமல் எதுவும் கிடையாது. பவுலார்டி சாஷேயை அப்படிப்பட்டவர் படுக்கைப் பக்கத்தில் பிரிக்கவே கூடாது, பறக்கும் தூள் குழாய் வழியாக ரத்தத்தில் கலந்து ஈஸ்ட் தொற்று வந்திருக்கிறது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, பேதிக்காக ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்திருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் என்னிடம் வராமல் நேராக டாக்டரிடம் போங்கள்.

குறைமாதக் குழந்தைக்கு வெளியே வாங்கிக் கொடுக்கவே கூடாது. 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. இதைச் சொன்னால் ஒடிசா ஆய்வைப் படித்தவர்கள் மறுத்துப் பேசுவார்கள். அந்த ஆய்வும் நிஜம்தான். ஒடிசா கிராமங்களில் பிறந்த 4,556 குழந்தைகள், ஒரு லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் ஸ்ட்ரெய்ன், அதற்குத் தீனியாகக் கொஞ்சம் நார்ச்சர்க்கரை, வெறும் 7 நாள். ரத்தத்தில் கிருமி ஏறுவதும் இறப்பும் சேர்ந்து 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தது, 2017-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. ஆனால் அவர்கள் சேர்த்துக்கொண்டது 35 வாரமாவது நிறைந்து, 2 கிலோவாவது எடை இருந்து, தாய்ப்பால் குடித்த குழந்தைகளை. அந்த ஸ்ட்ரெய்ன் எங்கள் ஸ்டாக்கிஸ்ட் லிஸ்டில் இன்றுவரை வந்ததில்லை. கேட்டு வருகிறவர்களிடம் இல்லை என்று சொல்லிவிடுவேன், பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதே என்று வேறு எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை.